மூன்றாவது கரண்டி ரசம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா, அக்கா, அத்தான், நான் எல்லாரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் அக்கா பையன். முதல் நாள் அவன் ஹாஸ்டலில் ஒரு விருந்து. ஈரான், வியட்நாம், கொலம்பியா, நைஜீரியா என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து பொது மேஜையில் வைத்திருக்கிறார்கள். நம்மாள் வைத்தது மிளகு ரசம். கொலம்பியாக்காரப் பையன் கப்பில் ஊற்றி ஊற்றிக் குடித்தானாம். அம்மாவுக்குப் பெருமை தாங்கலை. அக்கா உடனே, "பெருங்காயம் தீர்ந்திருக்குமே, அனுப்பட்டுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

நான்தான் கேட்டேன்: "சரிடா, அவங்க செஞ்சதுல நீ எதைச் சாப்பிட்டே?"

கொஞ்சம் இழுத்தான். "இல்ல மாமா, வியட்நாம்காரப் பொண்ணு மீன் சாறு ஊத்தியிருந்தா. ஈரான் சோறு சைவம்தான், ஆனா எல்லாத்துக்கும் ஒரே கரண்டியைப் போட்டுட்டாங்க. நான் பிரெட் சாப்பிட்டுக்கிட்டேன்."

அக்கா "நல்ல வேளை" என்றாள். நான் ஒன்றும் சொல்லலை. சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தக் கதை பின்னால் வருது. அன்று இரவு அலமாரியிலிருந்து ராபர்ட் கனிகெல் எழுதிய ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றை எடுத்தேன். 1991-ல் வந்த புத்தகம். அதில் வெளிநாட்டில் படித்த தமிழர் ஒருவர் நண்பர்களுக்கு ரசம் பரிமாறிய கதை ஒன்று இருக்கிறது. பலருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அதை நாம் சொல்லும் விதம் தப்பு என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்.

முதலில் கதை. முதல் உலகப் போர் நடக்கும் சமயம், கேம்பிரிட்ஜ். சாட்டர்ஜி என்ற இந்திய மாணவருக்குத் திருமணம் நிச்சயமாகிறது. அதைக் கொண்டாட ராமானுஜன் தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார். சாட்டர்ஜி, அவருக்கு நிச்சயித்த பெண் இலா ருத்ரா, சரோஜினி நாயுடுவின் தங்கை மிருணாளினி சட்டோபாத்யாய ஆகிய மூவரும் வருகிறார்கள். ராமானுஜனே சமைத்து, ராமானுஜனே பரிமாறுகிறார். ஆங்கிலத்தில் சூப் என்று வருவதை நாம் ரசம் என்றே படிக்கணும். முதல் முறை எல்லாரும் வாங்கிக்கொள்கிறார்கள், இரண்டாம் முறையும். மூன்றாம் முறை பெண்கள் இருவரும் போதும் என்கிறார்கள். பேச்சு தொடர்கிறது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணோம். காத்திருந்து பார்த்துவிட்டுக் கீழே போய் வாயில்காப்பவரிடம் விசாரித்தால், அவர் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார் என்கிறார். நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வருகிறது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. திரும்பி வந்தவரிடம் சாட்டர்ஜி காரணம் கேட்கிறார். தான் பரிமாறியதை அந்தப் பெண்கள் மறுத்தது தாங்க முடியாமல் போய்விட்டது என்கிறார் ராமானுஜன்.

இது முழுக்க விருந்தாளி பக்கத்திலிருந்து வரும் கதை. சாட்டர்ஜி பின்னாளில் நினைவுகூர்ந்தது. ராமானுஜன் கைப்பட இதைப் பற்றி எழுதிய வரி எதையும் நான் எங்கும் பார்த்ததில்லை.

நம் ஊரில் இதை ஜோக்காகச் சொல்வோம். மேதைகள் கொஞ்சம் அப்படித்தான், ரசத்துக்குக் கோவிச்சுக்கிட்டு ஊரை விட்டே போயிட்டார், பார்த்தீங்களா என்று. டிசம்பர் 22 கணித நாள் வந்தால் வாட்ஸ்ஆப்பில் 1729 டாக்ஸி ஒரு பக்கம் ஓடும், இந்த ஆக்ஸ்போர்டு டாக்ஸி இன்னொரு பக்கம் ஓடும். கனிகெல் அப்படிச் சிரித்துவிட்டுப் போகவில்லை. அவர் இதை அவமானத்தின் கணக்கில் வைக்கிறார். ராமானுஜன் 1905-ல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனவர். 1918-ல் லண்டனில் ரயில் முன் விழப் பார்த்தவர். சின்னக் கீறலும் பெரிய காயமாகிவிடும் மனசு. அந்த வரிசையில் இந்த விருந்தும் ஒரு புள்ளி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதில் குறை இல்லை. சைவச் சாப்பாடு ராமானுஜனை ட்ரினிட்டியின் ஹாலிலிருந்து, அதாவது எல்லாரும் கூடி உண்ணும் இடத்திலிருந்து, எப்படி ஒதுக்கிவைத்தது என்பதையும் விரிவாகச் சொல்கிறார். என் குறை ஒன்றே ஒன்றுதான். இந்த இரண்டையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. ஹால் ஒரு அத்தியாயத்தில் கிடக்கிறது, ரசம் இன்னொரு பக்கத்தில் மனநிலைக் குறிப்பாகக் கிடக்கிறது. எனக்கென்னவோ இரண்டும் ஒரே விஷயம்தான்.

நம் தொழில் புத்தி கொஞ்சம் உதவும். மெக்கிம் மாரியட் என்ற மானிடவியலாளர் 1968-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் எந்தச் சாதி எந்தச் சாதிக்குச் சோறு கொடுக்கும், எது எதனிடம் வாங்கும் என்று ஒரு மேட்ரிக்ஸ் போட்டார். வரிசையில் கொடுப்பவர், பத்தியில் வாங்குபவர். கூட்டிப் பார்த்தால் ஊரின் ஏணி அப்படியே தெரிகிறது. எல்லாருக்கும் கொடுத்து யாரிடமும் வாங்காதவர் உச்சியில். எல்லாரிடமும் வாங்கி, தான் கொடுப்பதை யாரும் வாங்காதவர் அடியில். மென்பொருள்காரன் கண்ணுக்கு இது அம்புக்குறி போட்ட வரைபடம், அவ்வளவுதான். சோறு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கு. சோறு ருசியா இல்லையா என்பது அந்த அட்டவணையில் எங்கேயும் கிடையாது.

இப்போது கும்பகோணத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளையை அந்த அட்டவணையில் வைத்துப் பாருங்கள். ஊரில் அவர் இருக்கும் கட்டத்தில் கொடுக்கும் அம்புகள் நிறைய, வாங்கும் அம்புகள் மிகக் குறைவு. அங்கே அதுதான் உயரம். அதே மனிதர் 1914 ஏப்ரலில் லண்டனில் இறங்குகிறார். அட்டவணையைக் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஆனால் கேம்பிரிட்ஜில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஹாலில் உட்கார்ந்து சாப்பிடாதவரை அங்கே யாரும் உயர்ந்தவர் என்று நினைக்கப் போவதில்லை. வரலை, அவ்வளவுதான். அதே ஒருவழி அம்பு. ஊரில் அது மரியாதை, அங்கே அது தனிமை. வாங்க முடியாதவருக்கு மற்றவரோடு ஒட்டிக்கொள்ள மிச்சம் இருப்பது கொடுப்பது ஒன்றுதான். ஊருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அவர் கேட்ட சாமான்கள் ரொம்பக் கொஞ்சம்: கொட்டை எடுத்த புளி, நல்ல தேங்காய் எண்ணெய். கடல் கடந்து வரும் அந்தப் புளியில் ஒரு உருண்டை கரைத்துத்தான் ரசம். நான் அந்த மூன்றாவது கரண்டியை இப்படித்தான் பார்க்கிறேன். பெண்கள் வேண்டாம் என்று சொன்னது ரசத்தை. அவருக்குக் கேட்டது வேறு. அவரிடம் இருந்த ஒரே ஒரு அம்பும் அங்கே நின்றுபோனது.

மூன்றாம் முறை மறுப்பதற்கே நம்மிடம் ஒரு முறை இருக்கிறதே. வயிற்றைத் தொட்டுக் காட்டணும், "ஐயோ, இடமே இல்லை" என்று சொல்லணும், "கொஞ்சம் மோர் மட்டும் போதும்" என்று பேரம் பேசணும். கொடுப்பவர் வற்புறுத்துவதும் வாங்குபவர் கெஞ்சுவதும் சேர்ந்ததுதான் பந்தி. வெறும் "நோ, தேங்க்ஸ்" அதில் எங்கே பொருந்தும்? இதை நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கள் அம்மா பந்தியில் வாளியோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் ஆதாரம்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சிகளையும் வைத்துவிடுகிறேன். ராமானுஜன் வந்த புதிதில் சில வாரங்கள் கணிதவியலாளர் நெவில் வீட்டில்தான் தங்கினார். அங்கே அவர்கள் செய்து கொடுத்ததை உண்டிருக்கிறார். ஆக, வாங்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மஹலனோபிஸ். அவர் கிங்ஸ் கல்லூரி மாணவர், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலுக்கே தந்தை போல ஆனவர். ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ராமானுஜன் வாணலியில் காய் கிளறிக்கொண்டிருக்க, இவர் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை வாசித்தார். ஒரு தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். நம் வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளதன் கூட்டுத்தொகையும் சமம் என்றால் நம் வீட்டு எண் என்ன? ராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலே, அந்த ஒரு விடையோடு நிற்காமல், எல்லா விடைகளையும் தரும் தொடர்பின்னத்தைச் சொன்னார். (விடை: மொத்தம் 288 வீடுகள், நம் வீடு 204. இரு பக்கமும் 20,706. பைத்தானில் ஐந்து வரி போட்டுப் பார்த்துக்கொண்டேன், வாணலி இல்லாமல்.) அந்தத் தொடர்பின்னத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள். வாணலியில் என்ன காய் என்று யாருக்கும் அக்கறை இல்லை. எனக்கு இருக்கு. ஏனென்றால் மஹலனோபிஸ் பிரம்ம சமாஜத்துக்காரர், கல்கத்தாக்காரர். அப்படி ஒருவரைக் கும்பகோணத்தில் அந்த வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார வைத்துச் சோறு போட்டிருப்பார்களா? ஆக, கேம்பிரிட்ஜில் ராமானுஜன் பாதிக் கோட்டைத் தாண்டிவிட்டார். கொடுக்கும் கையை யாருக்கும் மறுக்கவில்லை. வாங்கும் கைதான் கட்டியே இருந்தது. மறுபாதிக் கோட்டைத் தாண்ட அவருக்கு அவகாசமும் கிடைக்கலை. 1919-ல் திரும்பி வந்தார், 1920 ஏப்ரல் 26-ல் போய்விட்டார். வயது 32.

கட்டிய கையை அவிழ்ப்பது சைவத்தை விடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ராமானுஜனுக்குக் கால் நூற்றாண்டு முன்பு அதே இங்கிலாந்தில் இன்னொரு சைவ மாணவர் இருந்தார். காந்தி, 1888-லிருந்து 1891 வரை. அம்மாவிடம் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்தவர். கட்டுப்பாட்டில் ராமானுஜனுக்குக் குறைந்தவர் இல்லை. ஆனால் அவர் சைவ உணவுக்காரர் சங்கத்தில் சேர்ந்து, ஜோசையா ஓல்ட்ஃபீல்டு என்ற ஆங்கிலேய நண்பரோடு ஒரே வீட்டில் தங்கி, வெள்ளைக்காரரின் சைவத்தைத் தானும் உண்டார். இந்திய உணவைப் பற்றி அவர்கள் பத்திரிகையில் தொடராக எழுதவும் செய்தார். எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன சம்பவம். அவருடைய சுயசரிதையில் நாராயண் ஹேமசந்திரர் என்று ஒரு குஜராத்தி எழுத்தாளர் வருவார். சரியாக ஆங்கிலம் தெரியாது, உடுப்பும் ஒரு மாதிரி. காந்தி அவருக்கு ஆங்கிலப் பாணியில் கேரட் சூப் வைத்துக் கொடுக்கிறார். மனிதருக்கு அது இறங்கவில்லை. இந்த ருசியோடு காலம் தள்ளுகிறானே என்று காந்தி மேல் பரிதாபப்படுகிறார்! பிறகு லண்டனில் எங்கேயோ தேடிப் பாசிப்பயறு கண்டுபிடித்து, வேகவைத்து எடுத்துக்கொண்டு வருகிறார். காந்தி ரசித்துச் சாப்பிடுகிறார். அன்றிலிருந்து இவர் செய்ததை அவருக்கு, அவர் செய்ததை இவருக்கு என்று வழக்கமாகிவிடுகிறது. கேரட் சூப் பிடிக்கலை என்பதால் ஒருவரும் டாக்ஸி பிடிக்கவில்லை. காரணம் ரொம்ப எளிது. அடுத்த முறை அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வரும். அம்பு இரண்டு பக்கமும் போகும்போது ஒரு மறுப்பு வெறும் மறுப்பாகவே இருந்துவிடுகிறது.

என் கதைக்கு வருகிறேன். 1990-களின் நடுவில் நான் பி.ஈ. படித்த கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன் மலேசியத் தமிழன், ஈப்போக்காரன். முதல் செமஸ்டர் லீவு முடிந்து அவன் வந்தபோது அவன் அம்மா கொடுத்தனுப்பிய பெலாச்சான் சம்பல் ஒரு பாட்டில். பெலாச்சான் என்றால் இறால் கூனியைப் புளிக்க வைத்து அடித்த விழுது. மூடியைத் திறந்ததும் நான் ஜன்னலைத் திறந்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். எங்கள் வீடு சைவம், அதனால் சாப்பிடாதது தப்பில்லை. ஆனால் நான் அதோடு நிற்கலை. அறைக்குள் அதைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். அவனும் ஒன்றும் சொல்லாமல் மெஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிடுவான். நான்கு வருஷம் எங்கள் அம்மாவின் புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் தின்றவன் அவன். அவன் வீட்டிலிருந்து மாவு உருண்டை, முறுக்கு, சைவமான பலகாரங்களும் வந்தன. அதையும் நான் தொட்ட ஞாபகம் இல்லை. அதே பெட்டியில்தானே வந்திருக்கும் என்று ஒரு எண்ணம். "ஒரே கரண்டி" என்று என் மருமகன் சொன்னபோது எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணில் நின்றது. அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தது, எங்கள் உணவை அவனுக்குப் பழக்கிவிட்டேன், நான் நல்ல நண்பன் என்று.

இப்போதும் பெரிதாக மாறிவிட்டோமா? எங்கள் தெருவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் மூன்று அறைகளில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு நாம் தூக்கு நிறையக் கொடுப்போம். போன வருஷம் சட் பூஜைக்கு அவர்கள் தேகுவா கொண்டுவந்து கொடுத்தார்கள். கோதுமை மாவும் வெல்லமும் நெய்யில் பொரித்தது, நம் அதிரசத்துக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு நாள் அது ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. மாரியட்டின் மேட்ரிக்ஸுக்கு உத்தரப் பிரதேசம் வரை போகத் தேவையில்லை.

வெளிநாட்டில் ஒன்றாகச் சாப்பிட்டால் இதெல்லாம் தானாகக் கரைந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு வ.வே.சு. ஐயரை நினைவூட்டணும். 1907-லிருந்து 1910 வரை லண்டனில் சட்டம் படித்தவர், சாவர்க்கர் கூட்டத்தோடு இந்தியா ஹவுஸில் இருந்தவர். பல மாகாணத்து இளைஞர்களும் ஒரே வீட்டில் உண்டு உறங்கிய இடம் அது. 1909 அக்டோபர் 24-ல் இந்திய மாணவர்கள் லண்டனில் ஒரு விஜயதசமி விருந்து நடத்தினார்கள். தலைமை காந்தி. உணவு சைவமாக இருக்கணும் என்பது அவர் நிபந்தனை. அப்போது அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஸ்ரீரங்கத்து டி.எஸ்.எஸ். ராஜன் இதைப் பிற்காலத்தில் சுவையாகச் சொல்லியிருக்கிறார். சமையல் வேலையில் சிறிய உருவமாக ஒருவர் வந்து, தட்டு கழுவி, காய் நறுக்கி உதவிக்கொண்டிருந்தாராம். ஐயர் வந்து பார்த்த பிறகுதான் அது யார் என்று இவர்களுக்குத் தெரிந்தது. நாம் இந்தக் கதையை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு அங்கேயே முடித்துக்கொள்வோம். ஆனால் இதே ஐயர்தான் பதினைந்து வருஷத்துக்குள் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் பணம் வாங்கி நடந்த அந்தப் பொதுப் பள்ளியில், இரண்டு பிராமணப் பிள்ளைகள் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் தனியாகச் சாப்பிட அனுமதிக்கப்பட்டார்கள். இரண்டே பிள்ளைகள்தானே என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது என்ன சொன்னது என்பதை வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் உடனே புரிந்துகொண்டார்கள். 1925 இறுதியில் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறியதற்கு அந்தப் பந்தியும் ஒரு காரணம். ஐயர் தானே கூடி உண்ணத் தயங்கியவர் இல்லை. லண்டன் பழக்கம் அவரளவில் நிலைத்திருக்கலாம். மற்றவர் வீட்டு அட்டவணையை மாற்று என்று சொல்லும் இடத்தில்தான் தயங்கினார் என்று நினைக்கிறேன்.

ராமானுஜன் விஷயத்தில் நான் இன்னும் கூர்ந்து படிக்க விரும்பும் ஆள் ஒருவர் உண்டு. ஏ.எஸ். ராமலிங்கம், கடலூர்க்காரர், பொறியாளர். 1914-ல் ராமானுஜன் லண்டனில் இறங்கியதும் க்ராம்வெல் சாலை மாணவர் இல்லத்தில் அறிமுகமானவர். 1918 ஜூனில் மேட்லாக் மருத்துவ இல்லத்தில் படுத்திருந்த ராமானுஜனைப் போய்ப் பார்த்து, சில நாள் கூடவே இருந்துவிட்டு ஹார்டிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கணிதம் அதில் இல்லை, பெரும்பாலும் சாப்பாடுதான். சமையற்காரர் என்ன செய்கிறார், இவர் எதை ஒதுக்குகிறார், நாக்குக்கு ஏங்குவது எது. நண்பரைக் கண்டித்தும் இருக்கிறார், நாக்கா உயிரா என்று முடிவு செய் என்கிற அளவுக்கு. கனிகெல் இந்தக் கடிதத்தை நோயின் வரலாற்றுக்குப் பயன்படுத்துகிறார். இன்னொருவர் சமைத்த சோற்றைத் தினமும் மூன்று வேளை வாங்கியே ஆகவேண்டிய நிலைக்கு ராமானுஜன் வந்த பிறகு எழுதப்பட்ட கடிதம் என்ற முறையிலும் அதைப் படிக்கலாம்.

ஈப்போ நண்பனுக்கு இந்த வாரம் போன் செய்தேன். சம்பல் பாட்டிலை ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். "அது பெலாச்சான் இல்லடா, எங்க அம்மா உனக்காக வெங்காயத்துல தனியா ஒண்ணு செஞ்சு அனுப்பிச்சாங்க, பச்சை மூடி போட்டு. நீ அதையும் திறக்க விடலை" என்றான்.